மூன்று அணாக் கணக்கு: 1934 பீகார் நிலநடுக்கமும் அறநிதிகளின் ஒருங்கிணைப்பும்

சம்மேத சிகர யாத்திரை மேற்கொள்ளும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அப்பயணத்திலேயே பாவாபுரியையும் இராஜகிருகத்தையும் தரிசித்து, வாய்ப்பிருந்தால் பாகல்பூருக்கு அருகிலுள்ள சம்பாபுரிக்கும் சென்று வருவர். பன்னிரண்டாம் தீர்த்தங்கரரான வாசுபூஜ்யரின் ஐந்து கல்யாணங்களும் நிகழ்ந்த தலமெனப் போற்றப்படுவது சம்பாபுரி. கங்கையைக் கடந்து வடக்கே சென்றால், மல்லிநாதரும் நமிநாதரும் பிறந்தருளிய மிதிலை நாடு. அதற்கு மேற்கே, பகவான் மகாவீரரைப் பெற்றெடுத்த திரிசலா தேவியாரின் குலம் வாழ்ந்த வைசாலி. சமண நூல்களைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இப்பெயர்கள் யாவும் காதுக்குப் பழகியவை.

இத்தலங்களைத் தன்னகத்தே கொண்ட அந்நிலப்பரப்பு, 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகலில் சில நிமிடங்களுக்குள் உருக்குலைந்தது. வடபீகார் நிலநடுக்கம் என்று வரலாறு குறிப்பது அப்பேரிடரையே. நாடெங்குமிருந்து அன்று உதவி பெருகி வந்தது. துன்பம் கண்டவிடத்து ஈவது இந்நாட்டு மக்களுக்குப் புதிதன்று. வந்து குவிந்த உதவியை ஒரு முகப்படுத்தி, உரியவர்க்கு உரிய நேரத்தில் சேர்த்து, ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டியதே அன்றைய பணியின் தனிச் சிறப்பு. அக்கணக்கைக் காத்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஒரு தமிழர் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி.

நிலம் பிளந்த நாள்

அன்று திங்கட்கிழமை. தமிழகத்தில் பொங்கல் நாட்கள். வடக்கே மகர சங்கராந்திப் பொழுது. ரமலான் நோன்பு முடிந்து பெருநாள் வர ஓரிரு நாட்களே இருந்தன. பிற்பகல் இரண்டே கால் மணியளவில் பூமி அதிரத் தொடங்கியது. நிலநடுக்கத்தின் மையம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே அமைந்திருந்தது. அதன் அளவு ரிக்டர் கணக்கில் 8 என்று பின்னாளில் மதிப்பிடப்பட்டது. காட்மாண்டு, பாடன், பக்தபூர் ஆகிய நேபாள நகரங்களில் கோயில்களும் அரண்மனைகளும் சரிந்தன. இந்தியப் பகுதியில் முசாபர்பூர், தர்பங்கா, மோதிஹாரி, சீதாமடி, மொங்கீர் முதலிய நகரங்கள் பெருஞ்சேதமுற்றன. கங்கைக் கரையிலுள்ள மொங்கீரின் கடைவீதி ஏறக்குறைய முழுவதும் இடிபாடாயிற்று. இந்தியப் பகுதியில் மட்டும் 7,253 பேர் இறந்ததாக அரசாங்கம் கணக்கிட்டது. நேபாளத்தில் இறந்தோர் 8,519 பேர். நடுப்பகலில் பெரும்பாலோர் வயல்களிலும் வெளியிலும் இருந்தனர். அவர்கள் உறங்கும் வேளையில் இது நேர்ந்திருந்தால் இழப்பு எத்தனை மடங்காகியிருக்கும் என்று சொல்ல இயலாது.

உயிர் தப்பியவர்க்கும் வாழ்வு எளிதாக இல்லை. வண்டல் படிந்த அச்சமவெளியில் நிலம் வாய் பிளந்து, அடியிலிருந்த நீரும் மணலும் பீறிட்டு மேலே வந்தன. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பல இடங்களில் தரை கீழே அமிழ்ந்தது. கட்டடங்கள் சாய்ந்து மண்ணுக்குள் இறங்கின. விளைநிலங்களில் மணல் பரவியது. கிணறுகள் மணலால் தூர்ந்தன. இருப்புப்பாதைகள் முறுக்கிக்கொண்டன, பாலங்கள் உடைந்தன, தந்திக் கம்பிகள் அறுந்தன. வடபீகாரின் உட்பகுதிகளில் நேர்ந்த அழிவின் அளவை வெளியுலகம் முழுமையாக உணரச் சில நாட்கள் ஆயின. ஜனவரி மாதக் குளிரில், கூரையின்றி, குடிநீரின்றி இலட்சக்கணக்கான மக்கள் வெட்டவெளியில் கிடந்தனர்.

சிறையிலிருந்து வந்த தலைவர்

அரசியல் நிலையும் அந்நாளில் இடர் மிகுந்ததாகவே இருந்தது. சட்டமறுப்பு இயக்கம் ஒடுக்கப்பட்டு, காங்கிரஸ் அமைப்புகள் தடைசெய்யப்பட்டு, தலைவர்களும் தொண்டர்களும் சிறைகளில் இருந்தனர். அரசாங்கத்தை மக்கள் நம்பவில்லை. மக்கள் தலைவர்களை அரசாங்கம் நம்பவில்லை. ஊர் ஊராகச் சென்று தொண்டு செய்யக்கூடிய பயிற்சி பெற்ற இளைஞர்கள் யாரெல்லாம் இருந்தார்களோ, அவர்களுள் மிகப் பலரை அரசாங்கமே சிறைக்குள் பூட்டி வைத்திருந்தது.

பீகாரின் மதிப்புக்குரிய தலைவரான இராஜேந்திர பிரசாத் கைதியாக இருந்தவர். ஆஸ்துமா நோயால் நலிவுற்றுப் பட்னா மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு நாட்களில், ஜனவரி 17ஆம் நாள், அவர் விடுதலை செய்யப்பட்டார். உடல் தேறும் வரை அவர் காத்திருக்கவில்லை. 1914ஆம் ஆண்டு வெள்ளத்தின்போதே நிவாரணத் தொண்டில் ஈடுபட்டுப் பழகியவர் அவர். பட்னாவில் பல தரப்பினரையும் கூட்டிப் பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்து, அதன் தலைமையை ஏற்றார். நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். பணமும் துணியும் போர்வையும் தானியமும் மருந்தும் பல திசைகளிலிருந்தும் வரத் தொடங்கின. ஆச்சாரிய கிருபளானி உள்ளிட்டோர் பீகாருக்கு வந்து பணியில் இணைந்தனர். ஜவஹர்லால் நேரு பாதிக்கப்பட்ட பகுதிகளைச் சுற்றிப் பார்த்து, மொங்கீரில் மண்வெட்டி ஏந்தி இடிபாடுகளை அகற்றும் வேலையிலும் ஈடுபட்டார். தொடக்க நாட்களில் அரசாங்கம் காட்டிய மந்தத்தை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார்.

தென்னாட்டில் எழுந்த குரல்

பூமி அதிர்ந்தபோது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தென்னாட்டில் இருந்தார். கேரளத்தைக் கடந்து தமிழகத்துக்குள் வந்து, ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனையே இந்நிலநடுக்கம் என்று தாம் கருதுவதாகக் கூறினார். இவ்வுரை நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்று கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் மறுத்தெழுதினார். நேருவும் காந்தியடிகளின் கூற்றை ஏற்கவில்லை. தாகூரின் மறுப்பைக் காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, உடன் தம் விடையையும் எழுதினார்.

கருத்து வேறுபாடு அத்துணைக் கூர்மையாக இருந்தும், பீகாருக்கு உதவ வேண்டும் என்பதில் எவர்க்கும் வேறுபாடு இருக்கவில்லை. காந்தியடிகள் தென்னாட்டுக் கூட்டங்களில் பீகார் மக்களுக்காகவும் கையேந்தினார். துன்பத்துக்குக் காரணம் யாது என்று வாதிட்டவர்கள், துன்பத்தைத் துடைக்கும் பணியில் ஒன்றாக நின்றார்கள். பின்னர் பீகாரில் நிகழ்ந்த ஒருங்கிணைப்புக்கு இந்தப் பண்பே அடித்தளமாயிற்று.

பல நிதிகள், ஒரே துயரம்

பேரிடர்க் காலத்தில் பற்றாக்குறையால் விளையும் இன்னலை எல்லோரும் அறிவர். உதவி தாறுமாறாக வருவதால் விளையும் இன்னல் களத்தில் நிற்போர்க்கே தெரியும். பீகாருக்காக அன்று ஒரு நிதி மட்டும் திரட்டப்படவில்லை. வைஸ்ராயின் பெயரால் ஒரு நிவாரண நிதி இருந்தது. கல்கத்தா மேயரின் நிதி தனியே திரண்டது. இராஜேந்திர பிரசாத்தின் மத்திய நிவாரணக் குழு மற்றொரு நிதியைத் திரட்டியது. இவற்றோடு இராமகிருஷ்ண மிஷன், மார்வாரி ரிலீப் சொசைட்டி போன்ற அமைப்புகளும் தத்தம் தொண்டர்களுடன் களத்தில் இறங்கின. செஞ்சிலுவைச் சங்கமும் மருத்துவ உதவியில் ஈடுபட்டது. ஸ்விட்சர்லாந்து நாட்டவரான பியர் செரெசோல், தம் சர்வதேசத் தொண்டர் அமைப்பின் தோழர்கள் சிலருடன் பின்னர் வந்து, முசாபர்பூர்ப் பகுதியில் குடியிருப்புகளைக் கட்டும் உடலுழைப்பை மேற்கொண்டார்.

இத்தனை அமைப்புகளும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கினால் நேரும் விளைவை எளிதில் ஊகிக்கலாம். சாலையோரத்து ஊர் மூன்று முறை போர்வை பெறும். உடைந்த பாலத்துக்கு அப்பாலுள்ள ஊர் ஒரு முறையும் பெறாது. நகரத்து இடிபாடுகளைக் கண்டு கொடையாளர் மனம் உருகும். நாட்டுப்புறத்தில் மணல் மூடிய கிணற்றை யாரும் படம் பிடிப்பதில்லை. உரத்துக் கேட்கத் தெரிந்தவன் இருமுறை பெறுவான். கேட்கக் கூசும் விதவை வெறுங்கையுடன் திரும்புவாள். எனவே தேவையைக் கணக்கெடுப்பது, வேலையைப் பங்கிட்டுக்கொள்வது, ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருப்பது ஆகிய மூன்றும் உணவுக்கும் மருந்துக்கும் நிகரான தேவைகளாயின.

இங்குத்தான் அரசியல் குறுக்கிட்டது. சாலை, இருப்புப்பாதை, நிலத்து மணலை அகற்ற மானியம், வீடு கட்டக் கடன் ஆகியவை அரசாங்கத்தால் மட்டுமே பெரிய அளவில் செய்யக்கூடியவை. கிராமத்துக்குள் சென்று வீட்டுக்கு வீடு நிலையறிவது மக்கள் தொண்டர்களால் எளிதில் செய்யக்கூடியது. ஒருவரை ஒருவர் ஒதுக்கினால் இரண்டு கைகளும் பாதி வேலையே செய்யும். ஆனால் தன்னைச் சிறையிலிட்ட அரசாங்கத்தோடு ஒத்துழைப்பது தன்மானத்துக்கு இழுக்காகாதா என்னும் வினா தொண்டர் பலரின் உள்ளத்தில் இருந்தது.

1934 மார்ச் மாதம் காந்தியடிகள் பீகாருக்கு வந்தார். மோதிஹாரி, முசாபர்பூர், சீதாமடி, தர்பங்கா, மொங்கீர் முதலிய இடங்களின் அழிவை நேரில் கண்டார். மார்ச் 18ஆம் நாள் பட்னாவில் கூடிய மத்திய நிவாரணக் குழுக் கூட்டத்தில், நிவாரணப் பணியில் அரசாங்கத்துக்கு மரியாதையுடன் கூடிய ஒத்துழைப்பை அளிக்கும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். ஒத்துழையாமையை நாட்டுக்குக் கற்பித்தவர் ஒத்துழைப்புத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது பலருக்கு வியப்பாயிருந்தது. இடிபாட்டின் முன் நிற்கும் மனிதனுக்கு உதவி யார் கையால் வந்தது என்பது பொருட்டன்று என்பதே அவர் கொண்ட நிலை. விடுதலை பற்றிய கொள்கையில் அவர் ஓர் அடியும் பின்வாங்கவில்லை; நிவாரணம் என்னும் எல்லைக்குள் மட்டும் பகையை ஒதுக்கி வைத்தார்.

பணி மெல்ல உருப்பெற்றது. முதற்கட்டமாக உணவு, போர்வை, மருத்துவம். அடுத்ததாகத் தண்ணீர். தூர்ந்த கிணறுகளைத் தூர்வாருவதும் புதியன தோண்டுவதும் மத்திய நிவாரணக் குழுவின் முதன்மையான பணிகளுள் அடங்கின. கோடைக்கு முன் கிணறுகள் சீராகாவிட்டால், நிலநடுக்கத்தில் தப்பியவரைக் காலரா கொண்டுபோகும் என்னும் அச்சம் இருந்தது. சர்க்கரை ஆலைகள் பழுதுபட்டதால், வயலில் முற்றி நின்ற கரும்பு உழவனுக்குப் பயனின்றிப் போகும் நிலை ஏற்பட்டது. எருதுகள் இழுக்கும் கரும்பு ஆலைகள் வரவழைக்கப்பட்டு ஊர்களுக்கு வழங்கப்பட்டன. வெட்டவெளியில் கிடந்தவர்க்குத் தற்காலிகக் குடிசைகள் எழுந்தன. தரையின் மட்டம் மாறிவிட்டதால் நீர் வடியும் வழிகளும் மாறின; அவ்வாண்டு மழைக்காலத்து வெள்ளம் மற்றுமொரு சோதனையாக வந்தது. நிவாரணம் என்பது ஒரு வாரத்து உணர்ச்சியால் முடியும் வேலையன்று என்பதை அந்த ஆண்டு முழுவதும் பீகார் உணர்த்தியது.

தஞ்சாவூர்க் கணக்காளர்

பல இலட்சம் ரூபாய் சில வாரங்களில் ஒரு குழுவின் கைக்கு வந்தால், அக்குழுவின் நேர்மையும் அந்தப் பணத்தோடு சேர்ந்து சோதனைக்கு உள்ளாகிறது. கொடுத்தவர்களுள் பெருஞ்செல்வர்களும் இருந்தனர்; ஒருவேளை உணவைத் துறந்து ஓரணா அனுப்பியவர்களும் இருந்தனர். களத்திலோ, நூற்றுக்கணக்கான ஊர்களில், கணக்கெழுதிப் பழகாத தொண்டர்கள் அவசரத்தில் செலவிட்டுக்கொண்டிருந்தனர். அந்நிலையில் நிதியின் பொறுப்பை ஏற்று உதவ, ஜம்னாலால் பஜாஜின் வேண்டுகோளின்படி பட்னாவுக்கு வந்தவர் ஜே. சி. குமரப்பா.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில், தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது இளமைப் பெயர். பின்னர் குமரப்பா என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். இலண்டனில் கணக்கியல் பயின்று, அங்கும் பம்பாயிலும் கணக்காளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் பயின்றார். இந்தியாவின் வறுமைக்கும் அரசாங்கத்தின் வரி, செலவு முறைகளுக்கும் உள்ள தொடர்பை அங்கு அவர் ஆராய்ந்தார். அவ்வாய்வே 1929ஆம் ஆண்டு அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. 'யங் இந்தியா' இதழில் அது தொடராக வெளிவந்தது. குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியப் பணி, கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தில் கிராமப் பொருளாதார ஆய்வு, இதழாசிரியப் பொறுப்பு, சிறைவாசம் எனச் சில ஆண்டுகளில் அவர் வாழ்வு முற்றிலும் மாறிப்போயிருந்தது.

பெரு வணிக நிறுவனங்களின் ஏடுகளைத் தணிக்கை செய்த அதே கண்டிப்போடு அவர் நிவாரண நிதியின் பற்று வரவைக் கையிலெடுத்தார். அவர் பார்வையில் கணக்கு என்பது தொண்டுக்குப் பின்னர், ஓய்ந்த நேரத்தில் எழுதி முடிக்க வேண்டிய சடங்கன்று. தொண்டின் ஓர் உறுப்பே அது. எந்த ஊருக்கு எவ்வளவு சென்றது என்பது ஏட்டில் தெரிந்தால்தான் எந்த ஊருக்கு இன்னும் செல்லவில்லை என்பது புலப்படும். ஆதலால் கணக்கின்றி ஒருங்கிணைப்பு இல்லை. இரவு பகலாக அவர் அவ்வேலையில் மூழ்கியிருந்தார். காந்தியடிகளே அவரைக் காண விரும்பியபோதும், முன்கூட்டி நேரம் குறிக்காமையால், கணக்கு வேலையை விட்டு இப்போது வர இயலாது என்று அவர் விடையளித்ததாக அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன.

மூன்று அணா

நிவாரணத் தொண்டர்களின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று குமரப்பா வரம்பு விதித்தார். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா வழங்கிய காலம் அது. துயருற்றோர்க்கென வந்த பணத்தில் தொண்டர்க்கு உரியது உயிர் தாங்கும் அளவு மட்டுமே என்பது அதன் பொருள். விதி எல்லோர்க்கும் பொது. படித்தவர், படியாதவர், தலைவர், தொண்டர் என்ற வேறுபாடு அதில் இல்லை.

அந்நிலையில் காந்தியடிகள் தம் குழுவினருடன் பட்னாவுக்கு வந்தார். அவருடைய உணவு எளியதே எனினும், பழமும் ஆட்டுப்பாலும் மூன்று அணாவுக்குள் அடங்குவன அல்ல. உடன் வந்தோரின் உணவும், பயணத்துக்கான மோட்டார் வண்டியின் பெட்ரோலும் சேர்ந்தால் செலவு மேலும் கூடும். இச்செலவுகளை நிவாரண நிதியிலிருந்து ஏற்க இயலாது. வேறு வழி செய்துகொள்ள வேண்டும் என்று குமரப்பா குழுவினரிடம் தெரிவித்தார். செய்தி காந்தியடிகளின் காதுக்கு எட்டியது. அவர் குமரப்பாவை அழைத்துக் காரணம் கேட்டார். இந்நிதி நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கெனப் பொதுமக்கள் அளித்தது. அதனை வேறு செலவுக்குத் திருப்பும் உரிமை தமக்கு இல்லை என்று குமரப்பா விளக்கினார். காந்தியடிகள் அதனை ஏற்றுக்கொண்டார். அவரது குழுவின் செலவு நிதியின் கணக்கில் ஏறவில்லை.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் குமரப்பாவின் துணிவுக்கும் காந்தியடிகளின் பெருந்தன்மைக்கும் சான்றாகச் சொல்லப்படுவது. இரண்டும் உண்மையே. ஆயினும் அதற்கு அப்பாலும் ஒரு கருத்து உண்டு. காந்தியடிகளின் பால், பழச் செலவை நிதியிலிருந்து கொடுத்திருந்தால் கொடையாளர் ஒருவர்கூட ஆட்சேபித்திருக்க மாட்டார்; பலர் மகிழ்ந்திருப்பர். அவர் வருகையால் நிதிக்குக் கிடைத்த வருவாயோ அச்செலவைப் போல் பன்மடங்கு. இக்காரணங்கள் யாவும் நியாயமானவையே. நியாயமான காரணங்களின் வழியாகத்தான் பொதுநிதி கசியத் தொடங்குகிறது. மிக உயர்ந்தவர்க்கு ஒரு விலக்கு அளித்தால், அடுத்த நிலையில் இருப்பவர்க்கு மறுப்பதற்குக் காரணம் இராது. அவ்வாறு இறங்கி இறங்கி, கடைசியில் வரம்பு பொருந்துவது குரலற்ற தொண்டனுக்கு மட்டுமே என்றாகும். காந்தியடிகளே மூன்று அணா வரம்புக்குக் கட்டுப்பட்டார் என்றபின், சீதாமடியில் இருந்த ஒரு முகாம் பொறுப்பாளர் அதனை மீறத் துணிவாரா?

பிறர் பொருளைக் கவராமையும், தேவைக்கு மேல் கொள்ளாமையும் தனிமனித ஒழுக்கமாகவே பெரிதும் பேசப்படுபவை. அவை ஒரு நிறுவனத்தின் ஒழுக்கமாகும்போது எவ்வடிவம் பெறும் என்பதற்கு இம்மூன்று அணா நல்லதோர் எடுத்துக்காட்டு.

பீகாருக்குப் பின்

பீகார்ப் பணியால் இராஜேந்திர பிரசாத்தின் மதிப்பு நாடெங்கும் உயர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவர் தலைமை தாங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றியபோது, அதன் செயலாளர் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒருங்கிணைப்பு எத்துணை எளிதில் கைநழுவும் என்பதை அடுத்த ஆண்டே காட்டியது. 1935 மே 31ஆம் நாள் பலுசிஸ்தானத்திலுள்ள குவெட்டா நகரம் நள்ளிரவு கடந்த வேளையில் நிலநடுக்கத்தால் அழிந்தது. 30,000க்கு மேற்பட்டோர் உறக்கத்திலேயே மாண்டனர். குவெட்டா இராணுவத் தளம். நகரம் இராணுவத்தின் பொறுப்பில் வந்தது. வெளியிலிருந்து தொண்டர்கள் வரத் தடை விதிக்கப்பட்டது. பீகாரில் அரும்பணி ஆற்றிய இராஜேந்திர பிரசாத்துக்கும், காந்தியடிகளுக்கும்கூட அனுமதி கிடைக்கவில்லை. எனினும் அவர்கள் சோர்ந்திருக்கவில்லை. இராஜேந்திர பிரசாத் தலைமையில் தனி நிவாரணக் குழு அமைந்து, குவெட்டாவிலிருந்து சிந்துக்கும் பஞ்சாபுக்கும் வந்து சேர்ந்த அகதிகளுக்கு உதவியது. நுழைய முடிந்த இடம்வரை சென்று உதவுவது என்னும் அம்முறையும் பீகாரில் பெற்ற பயிற்சியின் பயனே.

எழுபது ஆண்டுகளுக்குப் பின் தமிழகக் கடற்கரையும் இதே பாடத்தைப் படிக்க நேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சில நாட்களுக்குள் நாடெங்குமிருந்தும் உதவி வண்டிகள் வந்து குவிந்தன. அவற்றுள் மூட்டை மூட்டையாக வந்த பழைய துணிகளைக் கொள்வாரின்றிச் சாலையோரங்களில் கொட்டிக் கிடந்த காட்சியைப் பலரும் கண்டனர். அன்பால் அனுப்பப்பட்டவை அவை; ஆனால் எது தேவை என்று கேட்டு அனுப்பப்பட்டவை அல்ல. அந்நிலையில், 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே மீனவர் சங்கக் கூட்டமைப்பும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் முன்கை எடுக்க, மாவட்ட நிர்வாகத்தின் இசைவுடன் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்று நாகப்பட்டினத்தில் உருவாயிற்று. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எங்கே இன்னும் எவரும் செல்லவில்லை என்னும் விவரங்களைத் திரட்டி அனைவர்க்கும் பகிர்வதே அதன் முதற்பணி. 1934இல் பட்னாவில் எழுந்த அதே வினாக்களுக்கு நாகப்பட்டினத்திலும் விடை தேட வேண்டியிருந்தது.

ஏடு காக்கும் அறம்

ஈகையின் வரலாற்றில் கொடுத்தவர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுகின்றன. கொடுத்ததைக் காத்துச் சேர்ப்பித்தவரின் பெயர் பெரும்பாலும் பழைய பேரேட்டின் கையொப்பமாக மட்டும் எஞ்சுகிறது. ஊர்தோறும் ஜினாலயங்களின் நில வருவாயையும் பூசைக் கட்டளைகளையும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதிக் காத்துவரும் குடும்பங்கள் இப்பணியின் அருமையை நன்கறியும். ஒரு படி நெல்லும் தவறாமல் ஏட்டில் ஏற வேண்டும் என்று பெரியோர் வற்புறுத்தியது, நெல்லின் விலையைக் கருதியன்று. அதனைக் கொடுத்தவன் கருத்து பிறழலாகாது என்பதைக் கருதியே.

பிற்காலத்தில் குமரப்பா மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் எளிய வாழ்வு நடத்தினார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் காலமானார். பட்னாவில் அவர் எழுதிய கணக்கின்படி பயன்பெற்ற உழவர் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். அவர்கள் அறிந்தது, தூர்ந்த கிணற்றில் மீண்டும் நீர் ஊறியதை மட்டுமே. அதற்கான பணம் வழியில் எங்கும் குறையாமல் அக்கிணறு வரை வந்து சேர்ந்தது.